பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பிள்ளைகளால் மீட்க முடியுமா?

சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து வந்து பள்ளிக்குப் பின்னால் போகிற ஓடை, குப்பையும் சேறுமாகக் கிடக்கிறதாம். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து மீட்கலாம் என்கிறார்கள், பிள்ளைகளையும் அனுப்பச் சொல்கிறார்கள். தலைமையாசிரியர் பாடநேரம் வீணாகுமே என்று யோசிக்கிறார், பெற்றோரில் பாதிப்பேர் எலிக்காய்ச்சல் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். போகலாமா, இதில் படிப்பு என்று ஏதாவது உண்டா, எங்கே தொடங்குவது?

டீச்சர், கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் அங்கே போய்ச் செய்யும் வேலை ஓடைக்கும் அவர்கள் படிப்புக்கும் உண்மையாகவே ஏதாவது செய்யுமா, இல்லை டீ-சட்டை போட்டு, பேனர் பிடித்து, படம் எடுத்து முடிகிற இன்னொரு கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு) தானா? சுருக்கமாகச் சொன்னால், படிப்புக்கு நிச்சயம் உதவும், சரியாகச் செய்தால். ஓடையைப் பிள்ளைகளின் கை மட்டும் மீட்காது. ஆனால் மீட்கவேண்டிய பெரியவர்களை அந்தக் கரைக்கு வரவழைக்க, பிள்ளைகள் எழுதிவைக்கிற கணக்கு உதவும். அதனால் அவர்களைத் துப்புரவுத் தொழிலாளிகளாக வைத்துத் திட்டம் போடாதீர்கள், ஓடையை விசாரிக்கிறவர்களாக வைத்துப் போடுங்கள். நான் படித்தது நன்னீர் உயிரியல், கொஞ்ச காலம் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் எடுத்தேன், பிறகு பல வருடமாக இந்த மாதிரி ஓடைகளில் பள்ளிப் பிள்ளைகளோடு இறங்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஓடையை நான் பார்த்ததில்லை, ஆகவே கீழே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்கவேண்டியது நீங்கள்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். குப்பை பொறுக்குவது மீட்பு ஆகாது. ஒரு சனிக்கிழமை காலையில் நாற்பது பேர் இறங்கி மூட்டை மூட்டையாக பிளாஸ்டிக்கை வாரி எடுக்கலாம், பார்க்க நன்றாக இருக்கும், அடுத்த கனமழைக்கு மேல்பக்கத்திலிருந்து அதே குப்பை திரும்ப வரும். குப்பை கண்ணுக்குத் தெரிகிற நோய், ஓடையைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. குடியிருப்புகளிலிருந்து வரும் கழிவுநீர், மழைக்குக் கரைந்து வரும் உரம், கரையில் செடியில்லாததால் இடிந்து இறங்கும் மண், நிழலில்லாமல் சூடாகும் தண்ணீர். இவற்றில் எதையும் கையுறை போட்ட பதினொரு வயதுப் பிள்ளை சாக்குப்பையில் அள்ள முடியாது. குப்பை எடுக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. எடுங்கள், ஆனால் எண்ணி எடுங்கள். எத்தனை பொட்டலம், எத்தனை பாம்பர்ஸ், எத்தனை உரச்சாக்கு, எத்தனை பூச்சிமருந்துக் கலன் என்று பிரித்து எழுதினால் அந்தக் குப்பையே எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும். உரச்சாக்கு அதிகம் என்றால் பேசவேண்டிய இடம் தோட்ட அலுவலகம். சாப்பாட்டுப் பொட்டலம் அதிகம் என்றால் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதிப் பக்கம். மருந்துக் கலனைப் பிள்ளைகள் தொடக்கூடாது, பார்த்த இடத்தில் கொடி நட்டுவிட்டுப் பெரியவரிடம் சொல்லவேண்டும்.

இனிப் படிப்பு. தலைமையாசிரியரிடம் பேசும்போது இயற்கை, பாசம், உலகம் என்றெல்லாம் தொடங்காதீர்கள், அவருக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். பாடத்திட்டத்தின் தர ஆவணத்தைத் திறந்துவைத்துப் பேசுங்கள். அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று நாம் வருடா வருடம் கரும்பலகையில் எழுதும் உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல், முன் அனுமானித்தல் எல்லாமே ஓடைக்கரையில் பொய்யில்லாமல் நடக்கும். தற்சார்பு மாறி, சார்பு மாறி என்று வகுப்பில் சொன்னால் விழிக்கிற பிள்ளை, நிழல் உள்ள இடத்திலும் வெயில் அடிக்கிற இடத்திலும் ஒரே நேரத்தில் வெப்பமானியை விட்டுப் பார்த்தபின் எதை மாற்றினோம், எது மாறியது, எதை மாறாமல் வைத்தோம் என்று தானே சொல்லும். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் எடுக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டுக்கு ஆதாரம் தேடி ஆசிரியர்கள் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். ஓடையில் எழுதிய ஒரு குறிப்பேடு, பயிற்சிப் புத்தகத்தில் நிரப்பிய பத்துப் பக்கத்தைவிட நல்ல ஆதாரம். இது என் கருத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கருத்து வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், நானே எப்போதும் தொடங்குவது இதிலிருந்துதான். கரையில் ஐந்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். மேல்குச்சிக்கு நேராக ஓர் எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் விடுங்கள் (பந்து காற்றுக்கு ஓடும், எலுமிச்சை பாதி முங்கி நீரோடு போகும்). கீழ்க்குச்சிக்கு வர எத்தனை நொடி என்று பாருங்கள். இருபது நொடி என்றால் வேகம் நொடிக்குக் கால் மீட்டர். ஓடையின் அகலம் இரண்டு மீட்டர், குறுக்கே ஐந்தாறு இடத்தில் மீட்டர்கோலை விட்டு எடுத்த சராசரி ஆழம் முப்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 0.6 சதுர மீட்டர், அதைக் கால் மீட்டர் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு 0.15 கன மீட்டர், அதாவது 150 லிட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால் 0.85-ஆல் பெருக்கிச் சரிசெய்தால் சுமார் 127 லிட்டர். சராசரி, தசமம், கொள்ளளவு, அலகு மாற்றம் நாலும் ஒரே எலுமிச்சம்பழத்தில் வந்துவிட்டது. பிள்ளைகள் மூன்று தரம் விடுவார்கள், மூன்று விடை வரும், உடனே சண்டை வரும், எது சரி என்று. அந்தச் சண்டையை அடக்காதீர்கள். அளவெடுப்பதில் பிழை என்றால் என்ன, ஏன் சராசரி எடுக்கிறோம் என்பதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை அன்றைக்கு.

அடுத்தது பூச்சி. ஓடை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மிக மலிவான வழி, தண்ணீருக்கடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஒரு கைவலை, வெள்ளை நிற ஐஸ்கிரீம் டப்பா, ஒரு கரண்டி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். பெரியவர் ஒருவர் ஓடையில் நின்று காலால் அடிமண்ணைக் கிளறவேண்டும், நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் வலையைப் பிடித்தால் கிளம்பியதெல்லாம் உள்ளே வந்து விழும். டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வலையை அதில் உதறி, அசையாமல் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். முதலில் சேறும் இலைத்துணுக்கும்தான் தெரியும், பிள்ளைகள் ஒன்றுமில்லை சார் என்பார்கள். பிறகு ஒரு துணுக்கு நடக்கும். இலைத்துண்டுகளைத் தன் பட்டிழையால் ஒட்டிக் கூடு செய்து அதற்குள் இருந்துகொண்டு தலையை மட்டும் நீட்டுகிற கேடிஸ் புழுவாக இருக்கலாம், அல்லது கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சேற்றுநிறமான தட்டான் குஞ்சாக இருக்கலாம். தட்டான் குஞ்சு பக்கத்தில் ஒரு கொசுப்புழுவை விட்டால் அதன் கீழுதடு மடக்கிவைத்த கை மாதிரி சட்டென்று நீண்டு பிடித்து இழுத்துக்கொள்வதைப் பார்க்கலாம். நாற்பது பிள்ளைகளின் சத்தமும் அந்த நொடியில் நின்றுவிடும், நான் வேறெந்தப் பாடத்திலும் அதைப் பார்த்ததில்லை.

அசுத்தமான ஓடையில் இவற்றுக்குப் பதிலாகச் சிவப்புப் புழுக்கள் நெளியும். அவை ஏன் சிவப்பு என்று கேளுங்கள். நம் இரத்தத்தைச் சிவப்பாக்குகிற அதே வகை ஈமோகுளோபின் அவற்றின் உடம்பிலும் இருக்கிறது, உயிர்வளி குறைந்த சேற்றிலும் கிடைக்கிற கொஞ்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள அது உதவுகிறது. அதனால்தான் மற்றவை செத்துப்போகும் இடத்தில் இவை பெருகுகின்றன. தூய நீர் வேண்டும் பூச்சிகள், எதையும் தாங்கும் பூச்சிகள் என்று பிரித்துப் புள்ளி போடுகிற முறைகள் உலகம் முழுக்க உண்டு. பிள்ளைகளுக்கு அதன் எளிய வடிவமே போதும். ஆனால் ஒன்று, உங்கள் பகுதி தாழ்நிலம், அடி முழுக்கச் சேறு. கோலகுபு பாரு பக்கத்து மலையோடையில் கல்லுக்கடியில் கிடைக்கும் பூச்சிகள் சில உங்கள் ஓடை பரிசுத்தமாக இருந்தாலும் அங்கே வராது. மலையோடையோடு ஒப்பிட்டு நம் ஓடை செத்துவிட்டது என்று பிள்ளைகளைத் தீர்ப்பெழுத விடாதீர்கள். ஒப்பிட்டால் அதே ஓடையின் மேல்பகுதியோடு, தோட்டத்துக்குள் நிழலாக இருக்கும் இடத்தோடு ஒப்பிடுங்கள்.

நிறத்தையும் இதே கவனத்தோடு பார்க்கவேண்டும். உங்கள் ஊருக்கு மேற்கே ராஜா மூசா வனப்பகுதியின் சதுப்புக்காடு இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில், புளிப்புத்தன்மையோடு, பிஎச் நாலு பக்கமாகக்கூட இருக்கும். அது மாசு இல்லை, மக்கிய இலையிலிருந்து இறங்கிய சாறு, அந்தக் காட்டின் இயல்பே அதுதான். அந்தக் கருநீருக்குப் பழகிய மீன்கள் சில வேறெங்கும் இல்லை. பெத்தா லிவிடா என்ற சின்னச் சிவப்புச் சண்டைமீன் சிலாங்கூரின் அந்த வடக்குச் சதுப்புப் பகுதிக்கே உரியது. உங்கள் ஓடைநீர் பால்கலந்த சாயா மாதிரி கலங்கலாக இருந்தால் அது மண், மேலே எங்கோ கரை இடிகிறது அல்லது யாரோ நிலம் வெட்டுகிறார்கள். தெளிவாக ஆனால் பழுப்பாக இருந்தால் கவலைப்பட அவசரமில்லை. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெள்ளைத்தாளுக்கு முன் வைத்துப் பார்த்தால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும்.

அளவுகள் விஷயத்தில் எது முடியும், எது முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் துறை ஓர் ஆற்றின் நீர்த்தரக் குறியீட்டை ஆறு அளவுகளை வைத்துக் கணக்கிடுகிறது: கரைந்த உயிர்வளி, பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் உயிர்வளி), சிஓடி (அதையே இரசாயனத்தால் அளப்பது), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச். அதில் 81-உம் அதற்கு மேலும் வந்தால் தூய்மை, 60-க்குக் கீழே மாசு. பிஓடி எடுக்க ஐந்து நாள் 20 பாகையில் வைத்திருக்கவேண்டும், சிஓடிக்கு ஆபத்தான அமிலம் வேண்டும், இரண்டும் பள்ளிக்கூடத்து வேலை இல்லை. அதனால் ஒரு பள்ளி எங்கள் ஓடையின் குறியீடு 72 என்று பேனரில் போட்டால் நான் நம்பமாட்டேன், நீங்களும் அப்படிப் போடாதீர்கள். வெப்பநிலை, கலங்கல், பிஎச், அம்மோனியா, கரைந்த உயிர்வளி, இவை ஐந்தும் பிள்ளைகளால் முடியும். அம்மோனியாவுக்கு வண்ணமீன் கடையில் விற்கிற சொட்டுமருந்துச் சோதனையே போதும். நீரைத் தரவாரியாக வகுத்திருப்பதில் இரண்டாம் வகுப்பு நீருக்கு நம் நாட்டு அம்மோனியா வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மூன்றாம் வகுப்புக்கு 0.9. சோதனைக்குழாயில் நிறம் ஒரேயடியாகக் கரும்பச்சைக்குப் போனால் மேலே கழிவுநீர் கலக்கிறதா என்று முதலில் சந்தேகப்படலாம், உரத்தையும் மறந்துவிடவேண்டாம். உயிர்வளியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 30 பாகை வெப்பமான தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் உயிர்வளி தாங்கும். குளிர்நாட்டுப் பாடநூலில் பத்து, பன்னிரண்டு என்று பார்த்துவிட்டு நம் ஓடையில் ஆறு வந்ததும் பதறவேண்டாம், ஆறு நல்ல எண். நாலுக்குக் கீழே போனால் யோசிக்கலாம். அளவுக்கருவி வாங்க முடியாவிட்டால் உங்கள் ஊரிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆய்வகத்தில் கடிதம் கொடுத்துக் கேட்டுப்பாருங்கள்.

ஒருநாள் அளவு எதையும் நிரூபிக்காது. நேற்று மழை பெய்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில், முந்தின இரண்டு நாள் மழை பெய்ததா என்ற குறிப்போடு ஒரு வருடம் எழுதினால் அது அலுவலகத்துக்காரர் மதிக்கிற பொருளாகிறது. ஒரு நாள் பெரிய நிகழ்ச்சியாக வைக்கலாமா, மாதா மாதம் பத்துப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் போகலாமா என்று நீங்கள் கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். ஒய்பி-க்கள் (மக்கள் பிரதிநிதிகள்) வருவது முதலாவதற்குத்தான், அது வேறு விஷயம்.

எதற்காக இந்தச் சின்ன ஓடை என்று பெற்றோர் கேட்டால் சொல்ல உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. அது போய் விழுவது சுங்கை சிலாங்கூரில். கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமுமான கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணீரில் சுமார் 60 விழுக்காடு அந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் என்ற சின்ன ஓடையில் கலந்த கழிவின் வாடை ஆற்றுக்கு வந்து, நாலு நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களை மூடவேண்டி வந்தது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அன்றைக்கு வாளியோடு லாரித்தண்ணீருக்கு நின்ற சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. ஓடை சின்னதா பெரியதா என்பது அந்த வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஆற்றின் கீழே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்தில் மின்னுகிற மின்மினியும் அதே தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. மின்மினியின் புழுப்பருவம் கழிவது மரத்தில் அல்ல, கரையோரத்து ஈரமண்ணில், சின்ன நத்தைகளைத் தின்றுகொண்டு. கரையை மழித்தால் மரம் நின்றாலும் மின்மினி வராது.

சரி, மீட்பு என்று ஏதாவது செய்யவே முடியாதா என்றால், கரையில் முடியும். நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டி, ஐந்து மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்கு இரண்டு கரையிலும் ஐந்து மீட்டரை ஒதுக்கச் சொல்கிறது, ஐந்திலிருந்து பத்து மீட்டர் அகலம் என்றால் பத்து மீட்டர். அந்தப் பட்டையில் உரம் போடாமல், மருந்து அடிக்காமல், புல்லும் புதரும் மரமுமாக விட்டால் மண் பிடிக்கும், உரத்தில் ஒரு பங்கு அங்கேயே நிற்கும், நிழல் விழும், தண்ணீர் குளிரும். இதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. உடனே இடிகிற கரைக்கு வெட்டிவேர் நல்லது, ஆழமாக இறங்கும், பிள்ளைகள் வரிசையாக நடலாம். நிரந்தரத்துக்கு நம் காட்டு மரம் வேண்டும். கார்னர் என்ற தாவரவியலாளர் மலாயாவின் ஆறுகளை அவற்றின் கரைமரத்தை வைத்தே பிரித்தார், சின்ன ஓடைகளுக்கு அவர் கொடுத்த அடையாளம் சராகா மரம். மலாய்க்காரர்கள் காப்பிஸ் என்பார்கள், நம் அசோகமரத்தின் நெருங்கிய சொந்தம் அது, அதே பேரினம். கொத்துக் கொத்தாக மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூக்கும். வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள். அழகுக்கு என்று வெளிநாட்டுச் செடி எதையும் நடாதீர்கள். நட்டபின் முதல் வருடம் களை எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை, நடுவதற்குக் கூட்டம் வரும், களை எடுக்க வராது.

நடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஓடை யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறும் நிலமும் மாநில அரசின் கையில், பராமரிப்பு வடிகால் துறையிடம், கரை தோட்டத்தின் எல்லைக்குள். மாவட்ட வடிகால் அலுவலகத்துக்குத் தெரியாமல் நட்டால், வெள்ளத்துக்கு முன் தூர்வார வருகிற எக்ஸ்கவேட்டர் அரைநாளில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடும், ஓட்டுநரைக் குறைசொல்ல முடியாது. தோட்ட நிர்வாகத்திடம் பேசும்போது பிச்சை கேட்கிற தொனி வேண்டாம். எம்எஸ்பிஓ என்ற நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020-இலிருந்து நாட்டில் எல்லாச் செம்பனைத் தோட்டங்களுக்கும் கட்டாயம், தணிக்கைக்கு வருகிறவர்கள் ஆற்றங்கரைப் பட்டையையும் பார்ப்பார்கள். பிள்ளைகள் பராமரிக்கிற கரையும் மாதாந்தர அளவுக் குறிப்பேடும் நிர்வாகிக்கும் உபயோகமான பொருள்தான். அப்படிப் பேசினால் கதவு திறக்கும். அப்படியே மருந்து அடிக்கிற தேதிகளையும் மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) வாங்கிக்கொள்ளுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து தடை என்றாலும் மற்ற களைக்கொல்லிகள் உண்டு, அடித்த வாரத்தில் பிள்ளைகளை இறக்கக்கூடாது.

சந்தேகத்துக்குரியவற்றுக்கு வருவோம். யாராவது நிச்சயம் உங்களிடம் ஈஎம் (நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் எனப்படும் கலவை) மண்ணுருண்டை வீசலாம் என்று சொல்வார்கள். தவிட்டையும் மண்ணையும் நுண்ணுயிர்க் கரைசலில் பிசைந்து உருட்டிக் காயவைத்து ஆற்றில் எறிவது. 2009-இல் பினாங்கில் பத்து லட்சத்துக்கு மேல் எறிந்தார்கள், அதன்பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளில் பரவியது. பிள்ளைகளுக்கு உருட்டப் பிடிக்கும், எறியப் பிடிக்கும், செலவும் குறைவு. ஓடுகிற ஆற்றில் அது தண்ணீரைச் சுத்தமாக்குகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, வெல்லமும் தவிடும் சேர்ந்த பொருளை ஏற்கனவே உயிர்வளி குறைந்த தண்ணீரில் போடுவதில் எனக்கு உடன்பாடும் இல்லை. செய்தே தீரவேண்டும் என்று நெருக்கினால் அதையே சோதனையாக்குங்கள்: ஓடைநீரை இரண்டு வாளியில் பிடித்து, ஒன்றில் உருண்டை போட்டு, ஒன்றில் போடாமல், இரண்டு வாரம் அம்மோனியாவும் உயிர்வளியும் எழுதுங்கள். மீன்குஞ்சு விடுவதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெலி என்று வாளி வாளியாக விட்டுக் கைதட்டுவது மீட்பு இல்லை, உள்ளூர் மீனுக்குச் செய்யும் துரோகம். பண்டாராயா மீன் (தொட்டியைச் சுத்தம் செய்ய வளர்க்கிற உறிஞ்சுவாய்க் கெளுத்தி) நம் ஆறுகளில் இன்றைக்கு இப்படிப் பெருகிக் கிடப்பதும் தொட்டியில் வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டதால்தான். தண்ணீர் தேறினால் மீன் மேலிருந்தும் கீழிருந்தும் தானே வரும்.

படிப்பின் பலனிலும் உறுதியானது, உறுதியில்லாதது இரண்டும் உண்டு. சமூகத்துக்குச் சேவை செய்தபடி கற்பது பற்றி 2011-இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பள்ளிமீதான மனப்பான்மை, பழகும் திறன், பொதுநல ஈடுபாடு, படிப்பு எல்லாவற்றிலும் முன்னேற்றம் இருந்தது, பாடத்தோடு இணைத்து, பிள்ளைகளையே முடிவெடுக்க விட்டு, பிறகு உட்கார்ந்து பேசவைத்த திட்டங்களில் பலன் கூடுதல். வெளியே பாடம் நடந்தபின் வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகளின் கவனம் கூடுகிறது என்று 2018-இல் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. பாடநேரம் வீணாகும் என்கிற தலைமையாசிரியருக்கு இதைச் சொல்லலாம், ஆனால் அது வேற்றுநாட்டுச் சிறிய ஆய்வு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகள் முப்பது வயதில் ஓடையில் குப்பை போடமாட்டார்கள் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். நான் பார்த்தவரையில் ஒன்று சொல்லலாம்: எழுதுவதில் பின்தங்கிய பிள்ளை, ஓடையில் பெரும்பாலும் பின்தங்குவதில்லை. தாத்தாவோடு தூண்டில் போட்டுப் பழகியவன், விரால் எங்கே ஒதுங்கும் என்று தெரிந்தவன், அன்றைக்கு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். வகுப்பில் அவனுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

பெற்றோரின் பயம் நியாயமானது, அதை மழுப்பாதீர்கள். எலிக்காய்ச்சல் எலி மூத்திரம் கலந்த நீர், சேறு வழியாகக் காயத்திலும் கண், மூக்கு, வாயிலும் நுழையும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. நம் நாட்டில் 2010 முதல் இது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய். அதனால் பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது, காலில் கையில் புண் உள்ள பிள்ளை கரையில் எழுத்தராக இருக்கட்டும், முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவியபிறகுதான் பசியாறல். காய்ச்சல் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் வரும், ஒரு மாதம்வரை ஆகலாம். அதற்குள் காய்ச்சல் கண்டால் பிள்ளை ஓடையில் இறங்கியது என்று மருத்துவரிடம் சொல்லும்படி பெற்றோர் கையில் ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள். நான் மருத்துவர் இல்லை, கிளினிக் டேசாவிலிருந்து (கிராமப்புற அரசு மருந்தகம்) ஒருவரைக் கூப்பிட்டுப் பெற்றோர் கூட்டத்தில் பேசவைத்தால் உங்கள் பேச்சைவிட எடுபடும். முதல் சிலமுறை பிள்ளைகள் யாரும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், பெரியவர் வலைபோட்டு டப்பாவைக் கரைக்குக் கொண்டுவந்தால் பாடத்தில் ஒன்றும் குறையாது. இறங்கினாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கிற இடத்தில் வேண்டாம். காலையில் போய்ப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள், நம் ஊர் இடி மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும். மேல்பக்கம் கருத்திருந்தால் அன்றைக்கு ரத்து. பாம்புப் பயத்துக்கு, எல்லாருக்கும் முன்னால் ஒருவர் கம்போடு நடந்தால் போதும். பெட்ரோல், சாயம், கெமிக்கல் வாடை வந்தால் அந்த நிமிடமே எல்லாரையும் திருப்பிவிட்டுச் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லுங்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனத்தால் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடவேண்டி வந்தது, அதில் விளையாட்டு வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் நீங்களும் முன்னாள் மாணவர்கள் இரண்டுபேரும் ஒருநாள் ஓடையின் மேல்பக்கம் தோட்டத்துக்குள் நடந்து பார்த்துவிடுங்கள், தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான். எங்கே குழாய் வந்து விழுகிறது, எங்கே கரை இடிகிறது, நிழல் எங்கே முடிகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்க மூன்று இடம் போதும்: தோட்டத்துக்குள் ஒன்று, பள்ளிக்குப் பின்னால் ஒன்று, தாமானைத் தாண்டி ஒன்று. மேலே தொழிலாளர் குடியிருப்பு எத்தனை வீடு, ஆலை ஏதும் உண்டா, தண்ணீர் பழுப்பா கலங்கலா என்று இங்கேயே எழுதுங்கள். ஆலைக் கழிவுநீர்க் குட்டை மேலே இருந்தால் பிள்ளைகளை வைத்து எதையும் தொடங்குமுன் பேசவேண்டியது வேறு, எந்தச் செடியை எங்கே நடுவது என்பதும் அதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.